தீர்ப்பு வந்தும் திறக்காத கதவு: இந்தோனேசிய நிர்வாக நீதிமன்றங்களும் இஸ்லாமிய அரசியல் அறமும்

இந்தோனேசியாவில் அரசு அதிகாரியின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் போய் முறையிடும் இடம் நிர்வாக நீதிமன்றம். கட்டட அனுமதி, தொழில் உரிமம், நிலச் சான்றிதழ், பணிநீக்க உத்தரவு என எந்தக் காகிதமானாலும் சரி, அதில் சட்டப் பிழை உண்டு என்று நினைப்பவர் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டம் இந்த நீதிமன்றங்களை உருவாக்கியது. 1991 ஜனவரியில் ஜகார்த்தா, மேடான், பாலெம்பாங், சுராபாயா, அப்போது ஊஜுங் பாண்டாங் என்று அழைக்கப்பட்ட மக்காசார் ஆகிய ஐந்து நகரங்களில் அவை வேலையைத் தொடங்கின. மேல்முறையீட்டுக்கு உயர் நிர்வாக நீதிமன்றம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

அதிபர் சுகார்த்தோவின் ஆட்சிக் காலத்தில் பிறந்த இந்த நீதிமன்றங்களிடம் மக்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. 1994 ஜூனில் 'டெம்போ' வார இதழின் உரிமத்தைத் தகவல் அமைச்சர் ரத்து செய்தார். ஆசிரியர் குனாவான் முகமது வழக்குப் போட்டார். 1995 மே மாதம் நீதிபதி பெஞ்சமின் மங்குடிலாகா தலைமையிலான அமர்வு, அமைச்சரின் ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் இதழே வென்றது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டாலும், ஓர் அமைச்சரின் கையெழுத்தை நீதிபதி ஒருவர் அடிக்க முடியும் என்பதை நாடு பார்த்துவிட்டது.

ஆனால் கையெழுத்தை அடிப்பது பாதி வேலைதான். குடிமை வழக்கில் தோற்றவர் பணம் தர மறுத்தால் நீதிமன்ற அமீனா போய் வீட்டையோ வண்டியையோ ஜப்தி செய்யலாம். நிர்வாக வழக்கில் தோற்பவர் மேயர், ஆளுநர் அல்லது அமைச்சர். ரத்தான ஆணையைத் திரும்பப் பெறுவதும் புதிய ஆணையை எழுதுவதும் அவர் கையால்தான் நடக்க வேண்டும். நீதிபதி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடியாது. அரசுக் கட்டடத்தை ஜப்தி செய்யவும் முடியாது. தோற்றவரே தோல்வியை நிறைவேற்ற வேண்டும் என்ற விசித்திரமான ஏற்பாடு இது. அவர் மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டுச் சட்ட உலகம் பேசிவரும் கேள்வி.

சட்டத்தின் 116-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்ல மூன்று முறை முயன்றிருக்கிறது. முதல் வடிவில், நான்கு மாதம் அதிகாரி அசையாவிட்டால் ரத்தான ஆணை தானாகவே வலுவிழக்கும். புதிய ஆணை தேவைப்பட்டால் நீதிமன்றத் தலைவர் அவருடைய மேலதிகாரிக்கு எழுதுவார், அவருக்கு மேல் உள்ளவருக்கு எழுதுவார், கடைசியில் அதிபருக்கு எழுதுவார். முழுக்க முழுக்கக் கடிதப் போக்குவரத்து. 2004 திருத்தம் புதிய ஆயுதங்களைத் தந்தது. ஒன்று, பணியாத நாட்களுக்குக் கட்டாயத் தொகை; டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் இது. மற்றொன்று, பணியாத அதிகாரியின் பெயரை உள்ளூர் நாளிதழில் வெளியிடுவது. 2009 திருத்தம் காலக்கெடுவை வேலை நாள் கணக்கில் 60 என்றும் 90 என்றும் மாற்றி, விஷயத்தை அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரிவிக்கும் கடமையைச் சேர்த்தது. ஆனால் கட்டாயத் தொகை எவ்வளவு, யார் கட்டுவது என்பதை வேறு விதிகள் வந்து சொல்லும் என்று விட்டுவிட்டது. அந்த விதிகள் நெடுங்காலம் வரவில்லை. நஷ்ட ஈடு பற்றி 1991-இல் வந்த அரசு விதியோ உச்சவரம்பை 50 லட்சம் ரூபியா என்று கட்டிப்போட்டது. சில நூறு டாலர்தான் தேறும். ஒரு நகராட்சிக்கு இது தேநீர்ச் செலவு.

இந்த ஓட்டைகள் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குப் போகோர் நகரத் தேவாலய வழக்கைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஜகார்த்தாவுக்குத் தெற்கே உள்ள போகோரில், தாமான் யாஸ்மின் குடியிருப்பில் தேவாலயம் கட்ட இந்தோனேசிய கிறிஸ்தவ சபைக்கு 2006-இல் மேயர் அலுவலகம் அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2008 பிப்ரவரியில் நகரமைப்புத் துறைத் தலைவர் அந்த அனுமதியை முடக்கி வைத்தார். சபை வழக்குப் போட்டது. பாண்டுங் நிர்வாக நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் முடக்கம் செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நகராட்சியின் மறு ஆய்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

2011 மார்ச் 8 அன்று நகராட்சி முடக்கத்தை நீக்கியது. ஏட்டளவில் தீர்ப்பு நிறைவேறிவிட்டது. மூன்றே நாளில், மார்ச் 11 அன்று, மேயர் மூல அனுமதியையே ரத்து செய்தார். கட்டடத்தைப் பூட்டி வைத்திருந்த முத்திரை அப்படியே இருந்தது. தீர்ப்பை மீறியதாகவும் சொல்ல முடியாது, மதித்ததாகவும் சொல்ல முடியாது என்ற நிலையை உண்டாக்கிய இந்தத் தந்திரத்துக்கு அந்நாட்டுச் சட்ட வரலாற்றில் தனி இடம் கொடுக்கலாம். ஜூலையில், ரத்து ஆணையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அரசின் குறைதீர் ஆணையமான ஓம்புட்ஸ்மன் பரிந்துரைத்தது. அதுவும் நடக்கவில்லை. சபையினர் நடைபாதையில் வழிபட்டார்கள், அங்கும் விரட்டப்பட்டார்கள். 2012 முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே ஞாயிறு வழிபாடு நடத்தினார்கள். அவர்களோடு பெக்காசி மாவட்டத்தின் பாத்தாக் புராட்டஸ்டண்ட் சபையான பிலடெல்பியா சபையும் சேர்ந்துகொண்டது. அந்தச் சபையும் 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றது. மாவட்டத் தலைவர் தீர்ப்பைக் காதில் வாங்கவில்லை.

மத்திய அரசு இதை உள்ளாட்சி விவகாரம் என்று ஒதுக்கப் பார்த்தது. ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த 2004 உள்ளாட்சிச் சட்டமே மத விவகாரத்தை மத்திய அரசின் ஆறு தனி அதிகாரங்களில் ஒன்றாக வைத்திருந்தது. போகோரில் புதிய மேயர் வந்து, 2021-இல் வேறோர் இடத்தில் நிலம் கொடுத்தார். அதைச் சபையினரில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை; நீதிமன்றம் கொடுத்தது பழைய இடம் அல்லவா என்று கேட்டார்கள். 2023-இல் புதிய தேவாலயம் திறக்கப்பட்டது. சமரசம் என்று பார்த்தால் நல்ல முடிவுதான். தீர்ப்பு நிறைவேறியது என்று மட்டும் சொல்ல முடியாது.

மத்திய ஜாவாவின் கெண்டெங் மலைத்தொடரில் வேறு மாதிரி நடந்தது. ரெம்பாங் மாவட்டத்தில் அரசு சிமெண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துக் கிராமத்து விவசாயிகள் போராடினார்கள். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஊறும் நீர்தான் அவர்களுடைய வயலுக்கு ஆதாரம். கீழ் நீதிமன்றங்களில் தோற்ற அவர்கள் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மறு ஆய்வில் வென்றார்கள். 2017 ஜனவரியில் ஆளுநர் பழைய அனுமதியை ரத்து செய்தார். பிப்ரவரி 23 அன்று புதிய அனுமதி கொடுத்தார். பழைய ஆவணத்தின் குறைகளைத்தான் நீதிமன்றம் சுட்டியது, குறைகளைச் சரிசெய்த பிறகு புதிய அனுமதி தரத் தடையில்லை என்பது அவர் தரப்பு வாதம். மார்ச் மாதம் விவசாயிகள் அதிபர் மாளிகை முன்பு தங்கள் கால்களைச் சிமெண்டுக் கலவையில் புதைத்து உட்கார்ந்தார்கள். போராட்டத்தில் கலந்துகொண்ட ஒரு பெண் அந்த நாட்களில் உயிரிழந்தார்.

பணியாமை எப்போதும் ஆணவத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் பிராந்தியப் பேரவைத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் ஒரு கட்சித் தலைவரைச் சேர்க்கும்படி ஜகார்த்தா நிர்வாக நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஆணையம் சேர்க்கவில்லை. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அந்தப் பேரவைக்குப் போட்டியிடக் கூடாது என்று அதே ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டு நீதிமன்றங்கள் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் அதிகாரி எதற்குப் பணிவது? அங்கே குறை நீதித்துறையின் அமைப்பில் இருந்தது.

பணிந்த கதையும் உண்டு. 2020 மார்ச்சில் தேர்தல் ஆணைய உறுப்பினர் ஒருவரை நெறிமுறைக் குழுவின் முடிவுப்படி அதிபர் ஜோக்கோ விடோடோ பதவி நீக்கினார். ஜூலை 23 அன்று ஜகார்த்தா நிர்வாக நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதிபர் மேல்முறையீடு செய்யவில்லை. ஆகஸ்ட் 11 அன்று புதிய ஆணை வந்தது, உறுப்பினர் பதவிக்குத் திரும்பினார். நாட்டின் முதல் குடிமகனுக்கு மூன்று வாரத்துக்குள் முடிந்த காரியம் ஒரு மேயருக்கு ஏன் முடியவில்லை என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இந்தக் கேள்வியை இந்தோனேசியாவின் அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் 'ஃபிக்ஹ் சியாசா' என்ற பாடத்தின் கீழ் மாணவர்கள் ஆராய்கிறார்கள். இஸ்லாமிய ஆட்சிநெறி பற்றிய துறை அது. நிர்வாக நீதிமன்றச் சட்டம் ஷரீஅத் சட்டம் அல்ல. டச்சு வழி வந்த மதச்சார்பற்ற சட்டம். ஆனாலும் தொடர்பு இல்லாமல் இல்லை. மக்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் முஸ்லிம்கள். முஸ்லிம் அதிகாரி அல்லாஹ்வின் பெயரால்தான் பதவிப் பிரமாணம் எடுக்கிறார். அந்நாட்டில் ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் ஒரே இறைவன் மீதான நம்பிக்கையின் அடிப்படையில் நீதி வழங்கப்படுவதாக எழுதப்படுகிறது. அப்படிப்பட்ட தாளைக் குப்பையில் போடும் அதிகாரி, சட்டத்தோடு சேர்த்துத் தன் பிரமாணத்தையும் உதறுகிறார்.

இஸ்லாமிய அரசியல் அறத்தின் அடித்தளமாக அறிஞர்கள் காட்டுவது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து வரும் 58, 59-ஆம் வசனங்களை. அமானிதங்களை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை, உரியவரிடம் சேர்ப்பது, நீதியோடு தீர்ப்பளிப்பது ஆகியவற்றை முதல் வசனம் கட்டளையிடுகிறது. அதிகாரம் உடையவர்களுக்குக் கீழ்ப்படிவது பற்றியும், பிணக்கு வந்தால் இறைவனிடமும் தூதரிடமும் திரும்புவது பற்றியும் அடுத்தது பேசுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் மறைந்த இப்னு தைமிய்யா தமது ஆட்சிநெறி நூலை இந்த இரண்டு வசனங்கள் மேல்தான் கட்டினார். முதலாவது ஆள்வோருக்கு, இரண்டாவது ஆளப்படுவோருக்கு என்று பிரித்தார். மேடைகளில் அதிகாரிகள் இரண்டாவதை அடிக்கடி நினைவூட்டுவார்கள். வரிசையில் முதலில் நிற்பது அவர்களுக்கான கடமை.

தீர்ப்போடு உடன்படாத அதிகாரிக்கும் இந்த மரபு பதில் வைத்திருக்கிறது. காஜி என்ற இஸ்லாமிய நீதிபதியின் தீர்ப்பு கருத்து வேறுபாட்டுக்கு முற்றுப்புள்ளி என்பது ஃபிக்ஹ் என்னும் சட்டவியல் நூல்களில் நிலைத்துவிட்ட விதி. ஆட்சியாளர் மக்கள் மேல் எடுக்கும் நடவடிக்கை மக்கள் நலனோடு கட்டுண்டது என்பது இன்னொன்று. உதுமானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பு அதை 58-ஆம் விதியாகவே எழுதி வைத்தது. மேலிடம் சொன்னது, அதனால் செய்யவில்லை என்ற சாக்கும் செல்லாது. பாவமான காரியத்தில் படைப்பினத்துக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நபிமொழி வழி வந்த பொது விதி.

வரலாற்று நூல்கள் சொல்லும் நிகழ்ச்சிகள் இதைவிட உறைப்பானவை. 712-இல் முஸ்லிம் தளபதி குதைபா சமர்கந்து நகரைப் பிடித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் காலத்தில், தங்களை வஞ்சித்து நகரைப் பிடித்ததாக மக்கள் முறையிட்டார்கள். நியமிக்கப்பட்ட காஜி மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். முஸ்லிம்கள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்றார். மறுபடி போர் வேண்டாம் என்று மக்களே அவர்களை இருக்கவிட்டதாக 9-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். வென்ற படையை நகரை விட்டுப் போகச் சொல்லிய தீர்ப்பு அது, அதுவும் முஸ்லிம் அல்லாதவர்களின் முறையீட்டில். போகோரில் மத உணர்வைக் காரணம் காட்டித் தீர்ப்பை ஒதுக்கியவர்களுக்கு இந்த மரபில் எளிதாக ஆதாரம் கிடைக்காது.

ஆனால் இஸ்லாமிய மரபு மனசாட்சியை மட்டும் நம்பியிருந்தது என்று நினைத்தால் தவறு. அதிகாரிகளின் அநீதியை விசாரிக்கத் தனி அமைப்பே இருந்தது. மளாலிம் என்று பெயர். உமையா கலீஃபா அப்துல் மலிக் இதற்கென ஒரு நாளை ஒதுக்கினார். சிக்கலான வழக்குகளைக் காஜியிடம் அனுப்பினார். அப்பாசிய கலீஃபா மாமூன் அமர்ந்திருந்தபோது ஒரு பெண் அவருடைய மகன் அப்பாஸ் மீதே நில அபகரிப்புப் புகார் சொன்னாள், அவளுக்கே நிலம் திரும்பியது என்பது பலரும் எடுத்துச் சொல்லும் கதை. செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க், மன்னர் வாரம் இரண்டு நாள் முறையீடு கேட்க வேண்டும் என்று எழுதினார்.

இந்த அமைப்பை விரிவாக வகுத்துத் தந்தவர் 1058-இல் மறைந்த பாக்தாத் சட்ட அறிஞர் மாவர்தி. மளாலிம் மன்றத்தின் பணிகளாக அவர் பத்தைப் பட்டியலிடுகிறார். அவற்றில் ஒன்று, காஜிகள் கொடுத்தும் அவர்களுடைய பலக்குறைவால் நிறைவேறாமல் நின்றுபோன தீர்ப்புகளை நிறைவேற்றுவது. எதிராளி பதவியிலும் செல்வாக்கிலும் காஜியைவிடப் பெரியவனாக இருந்தால் தீர்ப்பு வெறும் சொல்லாகிவிடும் என்பதை அவர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறார். மன்றத்தில் இருந்தே தீர வேண்டிய ஐந்து வகையினரைச் சொல்லும்போதும் காஜிகளையும் சட்ட அறிஞர்களையும் எழுத்தர்களையும் சாட்சிகளையும் சொல்வதற்கு முன், காவலர்களைத்தான் முதலில் வைக்கிறார். பலமுள்ளவனை இழுத்து வர ஆள் வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததா என்றால், டமாஸ்கஸில் சுமார் 1163-இல் ஆட்சியாளர் நூருத்தீன் கட்டிய நீதி மாளிகை பதில் சொல்கிறது. அவருடைய அமீர்கள் என்ற தளபதிகள் ஊர் மக்களின் நிலங்களை வளைத்தார்கள். மற்றவர்கள் மேல் நடவடிக்கை எடுத்த காஜி, சலாஹுத்தீனின் சிற்றப்பாவான பெரும் தளபதி ஷீர்குஹ் மீது கை வைக்க முடியாமல் நின்றார். நூருத்தீன் மாளிகையைக் கட்டிக் காஜியோடு தாமே அமரப் போகிறார் என்று தெரிந்ததும், அது தமக்காகக் கட்டியதுதான் என்று ஷீர்குஹுக்குப் புரிந்துவிட்டது. மன்றத்துக்குப் போகும் நிலை வரும் முன் எல்லாக் கோரிக்கைகளையும் தீர்த்துவிடும்படி தம் ஆட்களுக்கு ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார்.

ஆக, மாவர்தியின் மன்றமும் இந்தோனேசியாவின் 116-ஆம் பிரிவும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: ஆட்சியின் உச்சியில் இருப்பவரிடம். இரண்டுக்கும் ஒரே பலவீனம். நூருத்தீன் உட்கார்ந்தால் ஷீர்குஹ் பணிவார். அதிபருக்கு வந்த கடிதம் செயலகத்தின் அலமாரியிலேயே கிடந்தால் மேயர் ஏன் பணிய வேண்டும்? தேர்தலில் வாக்களிப்பவர்கள் மேயர் பக்கம் இருக்கும்போது அதிபரின் தயக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

மளாலிம் மரபின் பெயரை இன்றும் சுமக்கும் சவூதி அரேபியாவின் முறையீட்டு மன்றம் 1955-இல் தனி அமைப்பாகி, 2007 சட்டத்தால் மூன்றடுக்கு நிர்வாக நீதிமன்றமாக வளர்ந்தது. எகிப்து வேறு வழியில் போனது. அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி, தன் கடமைக்குள் வரும் தீர்ப்பை, அறிவிப்பு கிடைத்து எட்டு நாள் கழிந்தும் வேண்டுமென்றே நிறைவேற்றாத அரசு ஊழியருக்குச் சிறையும் பதவி நீக்கமும் உண்டு. 2014 அரசியல் சாசனத்தின் 100-ஆம் பிரிவும் அதைக் குற்றம் என்றே சொல்கிறது. அங்கும் அதிகாரிகள் அதிகாரமில்லாத வேறு நீதிமன்றங்களில் ஆட்சேபம் தாக்கல் செய்து காலம் கடத்துவது வழக்கம்தான். ஆனாலும் தீர்ப்பு பெற்றவர் கையில் ஒரு வழக்கு இருக்கிறது. யாருடைய தயவையும் அவர் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இந்தோனேசியாவில் நீதிமன்ற அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2014-இல் வந்த அரசு நிர்வாகச் சட்டமும் அதன் தண்டனை முறைகளுக்கான 2016 அரசு விதியும் நிலைமையைச் சற்று மாற்றின. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றாத அதிகாரிக்குக் கட்டாயத் தொகை, நஷ்ட ஈடு, தற்காலிகப் பணிநீக்கம் ஆகியவை நடுத்தரத் தண்டனைகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் அந்தத் தண்டனையை விதிப்பது பெரும்பாலும் மேலதிகாரியே. மறுபடியும் அதே ஏணி.

கட்டாயத் தொகை அதிகாரியின் சொந்தப் பணமா, அரசுக் கருவூலமா என்பதில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இதற்கும் மாவர்தியிடம் ஒரு வழி உண்டு. அதிகாரிகள் மக்களிடம் அநியாயமாக வாங்கியது கருவூலத்தில் சேர்ந்திருந்தால் கருவூலம் திருப்பித் தரும்; தாங்களே எடுத்திருந்தால் அவர்களிடமிருந்து பிடுங்கி உரியவருக்குக் கொடுக்கப்படும் என்கிறார். தவறு யாருடையதோ செலவும் அவருடையது என்ற அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஆணையின் பிழைக்கு அரசு பொறுப்பேற்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் பணியாத பிடிவாதத்துக்கு அதிகாரிதான் கட்ட வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை எண்ணில் எழுதி, சம்பளத்திலிருந்து பிடிக்கும் அதிகாரத்தை மேலதிகாரியிடம் விடாமல் நீதிமன்றத்திடமே கொடுக்கும் சட்டம் வராதவரை, 116-ஆம் பிரிவை எத்தனை முறை திருத்தினாலும் அது கடிதம் எழுதும் விதியாகவே இருக்கும்.